கொடிக்குக் கீழே நான்கு அடி

1963 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். பால் செம்பை அலம்பி வாசலில் வைத்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன் — செவ்வாயும் வெள்ளியும் சாவி கொடுக்கும் நாள். 5.30க்குக் கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது. அப்பா கிணற்றில் தண்ணீர் இழுக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். 5.40க்கு முகத்தில் சோப்பைத் தடவிக்கொண்டு சவரத்துக்கு உட்கார்ந்தேன்.

5.52க்கு அப்பா விழுந்தார்.

முதலில் மூங்கில் கழி ஒன்று தரையில் விழுந்த சத்தம். அதற்கப்புறம் இன்னொரு சத்தம். மனிதர் விழும் சத்தம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. ஈரத் துணியைக் கல்லில் போட்டதுபோல... அவ்வளவுதான். ஆனால் நான்காவது முறை கேட்பவனுக்குச் சந்தேகம் வருவதில்லை.

பாதி முகம் சோப்போடு ஓடினேன். சமையலறையிலிருந்து என் மனைவி கோமளம் ஓடி வந்தாள். கொல்லைத் தாழ்வாரத்தில் அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பில் ஈர வேஷ்டி, தலையில் சொட்டும் தண்ணீர். குனிந்து கையை நீட்டினேன்.

"தொடாதே!"

தரையில் கிடப்பவர் போடுகிற அதட்டலா அது? கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. எனக்கு ஐம்பத்தொரு வயது.

இந்த வழக்கம் இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். அப்பா விடியற்காலையில் குளித்து, மடி வேஷ்டி கட்டிக்கொண்டு, வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணுவார். குளித்ததிலிருந்து பூஜை முடியும்வரை, குளிக்காதவர்கள் அவரைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடியும் முதலிலிருந்து... கிணறு, தண்ணீர், குளியல். எங்கள் வீட்டில் முதல் குளியல் அவருடையது. கோமளம் அதற்கப்புறம். நான் ஏழு மணிக்கு.

ஆக, 5.52க்கு அந்த வீட்டில் அவரைத் தொடக்கூடியவர் யாரும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு என்ன செய்வது? மெதுவாகக் குப்புறத் திரும்பினார். முழங்காலை ஊன்றினார். சுவரைத் தடவிக்கொண்டு ஒரு காலை நிறுத்தினார். மூச்சு வாங்கினார். அப்புறம் அடுத்த காலை. சமையலறை வாசலில் நின்றால் கூடத்துக் கடிகாரம் தெரியும். நான்கு நிமிஷம்.

"அடி பட்டுதாப்பா?" என்றாள் கோமளம்.

"பட்டா சொல்ல மாட்டேனா? அந்தக் கோலை எடுக்காதே, நானே எடுத்துக்கறேன். நகரு, பெருமாள் காத்துண்டிருக்கார்."

"பெருமாள் இன்னும் நாலு நிமிஷம் காத்துண்டிருந்தா குறைஞ்சா போயிடுவார்?"

"குறைய மாட்டார். எனக்குத்தான் குறையும்."

குனிந்து அவரே கழியை எடுத்தார். அவரே வேஷ்டியை மாற்றிக்கொண்டார். உள்ளே போய்விட்டார். என் முகத்தில் சோப்பு காய்ந்து இறுகிப்போயிருந்தது. மிச்சச் சவரத்தைச் செய்து முடித்தேன். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. முப்பத்தைந்து வருஷம் தபால் இலாகாவில் இருந்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். கண்ணாடி உண்டு, பல் பாதி உண்டு, காது நன்றாகவே உண்டு. இந்த மார்ச் மாதம்வரை எங்களுக்கு அவரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

மார்ச் 14, காலை 5.48. முதல் முறை விழுந்தார். தரையில் வழுக்கல் என்று தீர்மானித்தேன். சிமெண்ட் தரையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினோம்.

ஜூலை 2, காலை 5.55. இரண்டாவது முறை. வெளிச்சம் போதவில்லை என்று தீர்மானித்தேன். இருபத்தைந்து வாட் பல்பை எடுத்துவிட்டு அறுபது வாட் போட்டேன்.

செப்டம்பர் 9, காலை 5.50. மூன்றாவது. இந்தத் தடவை இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டு வாரம் கட்டு. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்று தீர்மானித்தேன்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு சுறுசுறுப்பாகத் தீர்மானித்திருக்கிறேன் பாருங்கள்!

கைப்பிடிக் கம்பி செய்ய அரியமங்கலத்தில் காதர் பாயின் பட்டறைக்குப் போனேன். மனிதர் என் அளவுக் காகிதத்தை வாங்கி, கிணற்றடியிலிருந்து பூஜை அறைவரை முப்பத்தோரு அடி என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் சார், வீட்டுக்கா, ரயில்வே பிளாட்பாரத்துக்கா?"

"அப்பாவுக்கு. நடக்கும்போது பிடிச்சுக்கறதுக்கு."

"பெரியவருக்கா? அப்ப நீங்க எழுதியிருக்கிற ஒல்லிப் பைப் வேணாங்க. கை நிறையப் பிடி இருக்கணும். பிடிச்சா, பிடிச்சோம்னு மனசுக்குத் தெரியணும்."

அப்படியே செய்து கொடுத்தார். சுவரில் பதித்து, பச்சைப் பெயிண்ட் அடித்து... அழகாகத்தான் இருந்தது. ஐந்தாவது நாள் அதில் ஒரு துண்டு காய்ந்தது. அப்புறம் ஒரு பாவாடை. சுவரோரமாக ஒரு கம்பி நீளமாகப் போனால் குடும்பஸ்தர்களால் அதில் எதையாவது போடாமல் இருக்க முடியுமா? கோமளத்தைக் குற்றம் சொல்ல வந்தேன். டைரியைப் புரட்டிப் பார்த்தேன். முதல் துண்டு என்னுடையது.

"விழுப்புத் துணி கிடக்கற கம்பியைப் பிடிச்சுண்டு நான் பெருமாள்கிட்டப் போகணுமாக்கும்?" என்று கேட்டார் அப்பா; மடியில்லாததெல்லாம் அவருக்கு விழுப்பு. அத்தோடு சரி. அதை அவர் தொட்டதே இல்லை. அன்று காலை அவர் சுவரைத் தடவி எழுந்தபோதும் அந்தக் கம்பி அவர் கைக்கு அரையடி தூரத்தில் இருந்தது.

கைத்தடி வாங்கினோம். அதுவும் மடியில்லை. குளிக்கப் போகும்போது கூடத்தில் சாத்திவிட்டுப் போவார். மூக்குக் கண்ணாடி? அதுவும் கூடத்தில்தான், தோல் உறையில். ஆக, அவரைப் பாதுகாக்க நாங்கள் செய்த எல்லா ஏற்பாடுகளும் நாள் முழுவதும் அவரோடு இருக்கும் — எப்போது வேண்டுமோ அந்த நேரம் தவிர.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் அன்றைய தினம் எனக்கு ஏன் அத்தனை அசதியாக இருந்தது என்று புரியும்.

மூன்றாவது முறைக்கு அப்புறம் மெட்ராஸிலிருந்து தம்பி வரதன் வந்தான். நல்லவன். பயந்தவன். அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கண் கலங்கியவன். ஊருக்குப் போகும்போது சொன்னான்.

"அண்ணா, இன்னொரு தடவை விழுந்தார்னா எனக்கு எழுது. நான் வந்து அழைச்சுண்டு போயிடறேன். என் குவார்ட்டர்ஸ்ல கிணறு கிடையாது, தாழ்வாரம் கிடையாது. ஸ்டூல் போட்டு உட்காரவெச்சு ரெண்டு சொம்பு ஊத்தினா முடிஞ்சுது."

அப்பா எதிரிலேயே சொன்னான். நானும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? மூன்று முறை விழவிட்டவன் நான்.

அப்பா மட்டும் கேட்டார்: "பெருமாளை எங்கேடா வெப்பே? ரேடியோ மேலயா?"

பெருமாள் இல்லாத அப்பா எங்களுக்குப் பரிச்சயமில்லாதவர். அதிகாலைக் கிணறு, துளசி, பெருமாள், அதற்கப்புறம் ஒரு டம்ளர் காபி — இவைதான் அவருடைய ஒரு நாளைத் தாங்கி நிற்பவை. அவற்றை உருவிவிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தால் விழமாட்டார் என்பது வாஸ்தவம். எழுந்திருப்பாரா என்பதுதான் தெரியாது.

வரதனுக்கு வாரம் ஒரு கார்டு எழுதுவேன். அதில் எதையும் விட்டதில்லை. விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது... சுபாவம் அப்படி.

அன்று காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பேப்பரை இறக்காமலே சொன்னார்.

"வரதனுக்கு எழுதாதே."

ஊராருடைய கடிதங்களை முப்பத்தைந்து வருஷம் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், ஒரு கடிதத்தை எழுதாதே என்கிறார்! நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஐப்பசி மழைக்குக் காவிரி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலம் முழுவதும் கணக்குப் போட்டேன். எழுதினால் அப்பா போய்விடுவார். எழுதாமல் விட்டு, ஐந்தாவது தடவை இடுப்பெலும்பு முறிந்தால்? இரண்டும் என் கையெழுத்தில்தான் முடியும். ஜங்ஷன் வந்தது. இறங்க மறந்து ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸில் தாமதக் கையெழுத்து.

மாலை 5.40க்கு மேலப்புதூரில் டாக்டர் செபாஸ்டியனைப் பார்த்தேன். செப்டம்பரில் அப்பாவின் மணிக்கட்டைக் கட்டியவர் அவர்தான். அப்போதே ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், பத்து எண்ணும்வரை. அப்புறம் மற்ற கால். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், ஐந்து தடவை. தினமும்.

"இந்த வயசுல எனக்கு டிரில்லா?" என்றுதான் அப்பா ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டேன் என்றார். கடைசியில் பெருமாளின் பன்னிரண்டு திருநாமங்களை எண்ணிக்கையாக வைத்துக்கொண்டார். முதல் நாள் கேசவா, நாராயணா... மாதவா வருவதற்குள் கால் கீழே வந்துவிட்டது. ஒரு மாதத்தில் ஐந்தாவது நாமம் வரை வந்தார்.

"அப்பா, இன்னிக்கு விஷ்ணு வரைக்கும் நின்னுட்டேள்!" என்று கோமளம் சமையலறையிலிருந்தே கூவுவாள்.

"ஏழாவது நாமம் திரிவிக்ரமன். உலகத்தையே ஒத்தைக் கால்ல நின்னு அளந்தவன். அவன் பேரைச் சொல்றதுக்குள்ளே எனக்குக் கால் நடுங்கறது, பார்" என்று சிரிப்பார்.

கால் பலப்பட்டுக்கொண்டுதான் வந்தது. அப்படியிருக்க, மறுபடியும் ஏன் விழுந்தார்? இதைத்தான் டாக்டரிடம் கேட்டேன்.

அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "நாலு தடவையும் எந்த நேரம், எந்த இடம்னு ஞாபகம் இருக்குங்களா?"

ஞாபகமா? பையிலிருந்து டைரியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத் துண்டுகளைப் பிடித்துப் பிடித்து நான்கு பக்கங்களையும் படித்தார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"அஞ்சே முக்கால்லேர்ந்து ஆறுக்குள்ள. நாலும். கொல்லைத் தாழ்வாரம். நாலும். முப்பத்தோரு அடியில இவர் விழுந்ததெல்லாம் ஒரே இடம் போல இருக்கே. இங்கே எழுதியிருக்கீங்க பாருங்க... தூணுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவுலன்னு."

"ஆமாம். ஒரு நாலு அடி."

"அந்த இடத்துல மேல என்ன இருக்கு?"

"மேலயா?"

"தரையைக் கொத்தியிருக்கீங்க. சுவத்துல பைப் பதிச்சிருக்கீங்க. மேல என்ன இருக்குன்னு கேக்கறேன்."

மேலே மடிக்கொடி இருக்கிறது. யார் கையும் படாத உயரத்தில், உத்தரத்திலிருந்து தொங்கும் மூங்கில். முதல் நாளே துவைத்த வேஷ்டியை அப்பா அதில் கழியால் ஏற்றி உலர்த்துவார். மறுநாள் குளித்த ஈரத்தோடு வந்து, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையாலும் கழியை உயர்த்தி, வேஷ்டியை நெம்பி எடுப்பார். காலையில் முதலில் கேட்டது அந்தக் கழி விழுந்த சத்தம்தான். மார்ச்சிலும் அது விழுந்திருக்கிறது. எழுதி வைத்திருக்கிறேன்: 'கழியும் கீழே கிடந்தது.' எழுதினேனே தவிர படித்தேனா?

இதுதான் என்னைப் போன்றவர்களின் வியாதி. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

"எழுந்திருங்க சார்" என்றார் டாக்டர். "செருப்பைக் கழட்டுங்க. ரெண்டு பாதத்தையும் ஒட்டி வெச்சுக்குங்க. ஃபேனைப் பாருங்க. கையை ரெண்டையும் மேல தூக்குங்க. இப்ப கண்ணை மூடுங்க."

மூடினேன். அறை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. டாக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொண்ணு."

"அவருக்கு எழுபத்தொன்பது. கண்ணாடி இல்லை. வெறும் வயிறு. குனிஞ்சு குனிஞ்சு பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டு நிமிர்ந்திருக்காரு. ஈர வேட்டி கால்ல சுத்திக்கிட்டிருக்கு. அதோட அண்ணாந்து கையைத் தூக்குறாரு. நாலு தடவைதான் விழுந்திருக்காருன்னா, மனுஷன் கெட்டிதான்."

"கிணத்துல இழுக்கறதையும் நிறுத்திடட்டுமா டாக்டர்?"

"ஐயோ, அதைச் செய்யாதீங்க! அந்தக் கயிறும் ஒத்தைக் கால் பயிற்சியும்தான் அவரை நிக்க வெச்சிருக்கு. உக்கார வெச்சீங்கன்னா காலுக்கு நிக்கறதே மறந்து போயிடும். குளிச்சதும் ஒரு நிமிஷம் தூணோரமா நிக்கட்டும், அப்புறம் நடக்கட்டும். அந்த வேட்டியை மட்டும் வேற யாராவது எடுத்துக் கொடுங்க. போறப்ப கையைப் பிடிச்சுக்குங்க."

"பிடிக்கக்கூடாது டாக்டர். மடி."

அவர் சிரிக்கவில்லை. தம்முடைய வீட்டு வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்போல நிதானமாகவே கேட்டார்.

"சரி. யார் பிடிக்கலாம்?"

"அவருக்கு முன்னாடி குளிச்சவா பிடிக்கலாம்."

"அப்ப முன்னாடி குளிங்க."

இவ்வளவுதான். எட்டு மாதம், ஓர் உளி, ஒரு பல்பு, முப்பத்தோரு அடி பைப்! எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முன்னால் யாரும் குளித்ததில்லை. குளிக்கக்கூடாது என்று அவர் சொன்னதும் இல்லை. கிணற்றில் விடிந்ததும் இழுக்கும் முதல் தண்ணீர் பெருமாளுக்கு. அதனால் முதல் குளியல் அப்பாவுக்கு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. இருந்தது... அதனால் இருந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தேடிப் பாருங்கள், ஆனால் தரையில் தேடாதீர்கள்.

இரவு 7.20க்கு வீடு திரும்பினேன். முதலில் கார்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். காலையில் ஒரு ஸ்டாப் நடந்ததில் பிடித்த கால்வலி முழங்கால்வரை ஏறியிருந்தது. நாள் முழுவதும் யோசித்ததற்குத் தலைதானே வலிக்க வேண்டும்? என் விஷயத்தில் முழங்கால் வலிக்கிறது.

நடந்ததை எழுதினேன். நான்காவது முறை. நேரம். இடம். அடி இல்லை. டாக்டர் சொன்னது. நாளை முதல் நான் முன்னால் குளித்து, வேஷ்டியை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துப் போவேன் என்பது. 'நீ வருவதற்கு முன் எனக்கு ஒரு மாதம் கொடு' என்று முடித்தேன்.

தலை நிமிர்ந்தால் அப்பா எதிரே நிற்கிறார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்பா."

"கொண்டா."

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் போய்ப் படித்தார். வெகு நேரம் படித்தார். கோமளம் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றாள். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். கிழித்தாலும் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

"நாலுன்னு எழுதியிருக்கே" என்றார்.

"ஆமாம்."

"அஞ்சு."

எனக்குப் புரியவில்லை.

"முசிறிக்குக் கல்யாணத்துக்குப் போனேளே ரெண்டு பேரும். மறுநாள் கார்த்தால. அதே இடம்."

கோமளத்தின் கையிலிருந்த கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது. "அன்னிக்குச் சாயங்காலம் நாங்க வந்தப்போ நாற்காலில உட்கார்ந்துண்டு, கல்யாணத்துல என்ன பாயசம்னு கேட்டேளே அப்பா!"

"வேற என்ன கேக்கச் சொல்றே?"

"எவ்வளவு நேரம் கிடந்தேள்?" என்று கேட்டேன்.

"கடியாரம் உள்ளே இருக்கு, எனக்கெப்படித் தெரியும்? பால்காரன் வாசல்ல வந்து 'சாமி, சாமி'ன்னு கூப்பிட்டான். நான் பதில் சொல்லல."

பால்காரர் வருவது 6.15க்கு. விழுந்தது 5.50 என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து நிமிஷம். குறைந்தபட்சம். ஈரத்தோடு. உதவி வாசலில் நின்று கூப்பிட, கொல்லையில் வாயை மூடிக்கொண்டு.

அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். அக்டோபர் 20. 'முசிறி. கல்யாணம் சிறப்பாக நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. மாலை வீடு திரும்பினோம். அப்பா சௌக்கியம்.'

அப்பா சௌக்கியம்!

"எழுதாதேன்னு சொன்னேன், நீ கேக்கல" என்றார் அப்பா, கார்டை என் கையில் திருப்பிக் கொடுத்து. "எழுதறதுன்னு ஆச்சுன்னா சரியா எழுது. தப்பான எண்ணிக்கையோட போனா அது கடுதாசி இல்லை."

"அஞ்சுன்னு போட்டா வரதன் நாளைக்கே ரயிலேறிடுவான்பா."

"ஏறினா ஏறட்டும். வரவன் கண்ணால பார்க்கட்டும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மாசம்னு போட்டிருக்கியே, அதை அடிக்காதே."

நான்கை அடித்து ஐந்து என்று திருத்தினேன். ஓரத்தில் தேதியும் சேர்த்தேன். ஒரு திருத்தத்துக்கு இத்தனை கனம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அப்பா போவதாகத் தெரியவில்லை.

"கார்த்தால எத்தனை மணிக்குக் குளிப்பே?"

"நாலு ஐம்பதுக்கு."

"கிணத்துல முதல் ஜலம்..."

"தொடமாட்டேன். இப்பவே அண்டாவுல இறைச்சு வெச்சுடறேன். எனக்கு அது போதும்."

"அண்டா ஜலம் ஐஸா இருக்கும். உனக்குச் சளி பிடிக்கும்."

"பிடிக்கட்டும்பா."

"வெந்நீர் போட்டுக்கோங்களேன்" என்றாள் கோமளம் நடுவில், மாமனாரைப் பார்த்தபடியே. யாரிடம் அனுமதி கேட்கிறாள் என்பது தெரியவேண்டுமே. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அன்றைய பயிற்சி பாக்கியிருந்தது. வலது காலைத் தூக்கினார். கேசவா. நாராயணா. மாதவா. கோவிந்தா. விஷ்ணு. மதுசூதனா...

ஆறாவதில் நின்றது. இதுவரை வராத நாமம். நான் கொல்லைக்குப் போய் அண்டாவை நிரப்பினேன். பதினாறு வாளி.

நவம்பர் 6, புதன். முதல் வேலையாக 4.50க்குக் குளித்தேன். தண்ணீரைப் பற்றி அப்பா சொன்னது சரி. ஈர வேஷ்டியோடு தாழ்வாரத்துக்கு வந்து, கழியை எடுத்து, அண்ணாந்து, கொடியில் அவருடைய வேஷ்டி எங்கே என்று தேடினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலை ரெண்டையும் அகட்டி வெச்சுண்டு பாருடா. விழுந்து வெக்காதே."

அகட்டி வைத்துக்கொண்டேன்.